நாலாவது பக்கத்தில் நிற்கும் கதைகள்

கதை எழுத ஆசைப்படாத தமிழர் எவரேனும் உண்டா என்பது எனக்குச் சந்தேகமாகவே இருக்கிறது. வக்கீல்கள் எழுதுகிறார்கள், வைத்தியர்கள் எழுதுகிறார்கள், பாங்கிக் குமாஸ்தாக்கள் எழுதுகிறார்கள். பகலெல்லாம் அடுப்பங்கரையில் நின்றுவிட்டு, வீடு அடங்கிய பிறகு, மகனுடைய பழைய நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்களில் எழுதும் தாய்மார்களும் இருக்கிறார்கள். உபாத்தியாயர்களைப் பற்றியோ சொல்லவே வேண்டியதில்லை. ஆனால் இவ்வாறு ஆரம்பிக்கப்படும் கதைகளில் அச்சேறுபவை எத்தனை என்ற கேள்வி ஒரு புறமிருக்க, முடிவு பெறுபவைதான் எத்தனை? மேஜையறைகளிலும், தகரப் பெட்டிகளிலும், இந்நாளில் கைப்பேசிகளுக்குள்ளேயும் பாதியில் நின்றுபோன கதைகள் குவிந்து கிடக்கின்றன. ‘கமலா மெதுவாகக் கதவைத் திறந்தாள்’ என்ற வாக்கியத்தோடு நின்றுவிட்ட கதைகளிலே எத்தனையோ கமலாக்கள் இன்னமும் கதவைப் பிடித்துக்கொண்டு கால் கடுக்க நிற்கிறார்கள்.

சிரித்துவிட்டுப் போகக்கூடிய சங்கதிதான். ஆயினும் அதன் மறுபக்கத்தையும் சற்றுப் பார்க்க வேண்டும். மாயூரத்தில் முன்சீபாக இருந்த வேதநாயகம் பிள்ளையவர்களின் ‘பிரதாப முதலியார் சரித்திரம்’ 1879-ஆம் வருஷத்தில் வெளிவந்தது. தமிழின் முதல் நாவல் அதுவே. அதற்குப் பிறகு சென்ற ஏறக்குறைய ஒன்றரை நூற்றாண்டில் நம் கதாசிரியர்கள் அக்கிரகாரத்துத் திண்ணைகளையும், காவேரிக் கரையையும், திருநெல்வேலித் தெருக்களையும், கரிசல் காட்டையும் எழுதியிருக்கிறார்கள். ஆனால் இன்னும் எழுதப்படாத தெருக்கள் எத்தனையோ! உப்பளத்தில் வரப்புக் கட்டுகிறவன் வீட்டில், மூட்டை தூக்குகிறவன் வீட்டில், தலைமுறையிலேயே முதன் முதலாகப் பட்டம் பெற்ற பிள்ளைகள் இப்போதுதான் பேனாவைக் கையில் எடுத்திருக்கிறார்கள். அந்தத் தெருவின் கதையை அவர்களைத் தவிர வேறு யார் அறிவார்? அவர்கள் நாலாவது பக்கத்தில் மனம் வெறுத்துப் பேனாவைக் கீழே வைத்துவிட்டால், அக்கதை எழுதப்படாமலே போகும். அல்லது பஸ் ஜன்னல் வழியாக அந்தத் தெருவைப் பார்த்தவர் யாராவது எழுதிவிடுவார். இரண்டில் எது அதிக நஷ்டம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

நாலாவது பக்கம் என்று நான் சொல்வது விளையாட்டுக்காக அன்று. பள்ளிக்கூடத்தில் வேலை செய்பவனாகையால், பழைய மாணவர்களும் அவர்களுடைய சிநேகிதர்களும் தங்கள் கையெழுத்துப் பிரதிகளை என்னிடம் கொண்டுவந்து கொடுப்பதுண்டு. அவற்றில் பெரும்பாலானவை நாலாவது பக்கத்தை ஒட்டியே நின்றுபோகின்றன. காரணத்தை ஊகிப்பது கடினமன்று. முதற் பக்கத்தில் ஊர் வர்ணனை. அதற்கு யாரும் குறுக்கே நிற்பதில்லை. இரண்டாவது பக்கத்தில் கதாநாயகனுடைய தோற்றமும் குணமும். மூன்றாவது பக்கத்தில் அவனுக்கு நேர்ந்திருக்கும் சங்கடம். நாலாவது பக்கத்திலே அவன் எழுந்து ஏதாவது காரியம் செய்தாக வேண்டும். அங்கேதான் ஆபத்து. அவன் என்ன செய்வான் என்பது ஆசிரியருக்குத் தெரியாது. மூன்று பக்கங்கள் வரையில் பேனா ஓடியதற்குக் காரணம், அதுவரையில் கதை ஆரம்பிக்கவே இல்லை என்பதுதான்!

இந்த இடத்தில் எழுதுகிறவருடைய மனத்தில் ஒரு குரல் புறப்படுகிறது. ‘இது என்ன கதை? சகிக்கவில்லையே!’ என்று அது சொல்கிறது. இக்குரலைப் பற்றி ஆரம்ப எழுத்தாளர்கள் அளவுக்கு மீறிப் பயப்படுகிறார்கள். அந்தக் குரல் யாருடையது? பத்து வயதிலிருந்து கல்கியையும் புதுமைப்பித்தனையும் கு. ப. ராஜகோபாலனையும் படித்து வளர்ந்த ஒரு ரஸிகருடைய குரல் அது. படிக்கும் பழக்கம் அவருக்கு இருபது வருஷத்தது. எழுதும் பழக்கமோ இருபது நாளையது. இருபது வருஷத்து ரஸிகர் இருபது நாள் எழுத்தாளரைப் பார்த்து முகத்தைச் சுளிக்காமல் வேறு என்ன செய்வார்? சுளிக்கவில்லையென்றால்தான் கவலைப்பட வேண்டும். தாம் எழுதிய நாலு பக்கத்தைப் பார்த்துத் தாமே சொக்கிப்போகிறவர்களுடைய கதைகளையும் நான் படித்திருக்கிறேன். ஆகையால் இதை அநுபவத்தின்மேல் சொல்கிறேன்.

பிரெஞ்சு நாவலாசிரியர் பிளாபேர் என்பவருடைய விஷயத்தைப் பாருங்கள். அவர் இளம் வயதில் ‘அர்ச். அந்தோணியாரின் சோதனை’ என்ற நூலை மிகுந்த ஆவேசத்தோடு எழுதினார். 1849-ல் தம்முடைய நெருங்கிய நண்பர்கள் இருவரை வரவழைத்து உட்கார வைத்து, நாலு நாள் தொடர்ந்து அதை உரக்கப் படித்துக் காட்டினார். நண்பர்கள் பொறுமையோடு கேட்டார்கள். கேட்டு முடித்ததும், அதை நெருப்பில் போட்டுவிட்டு அந்தப் பேச்சையே விட்டுவிடும்படி சொன்னார்கள். அவர் மனம் என்ன பாடு பட்டிருக்கும்! எனினும் 1851-ல் அவர் வேறொரு கதையை எடுத்துக்கொண்டார். சிறிய ஊர் ஒன்றில் வைத்தியம் செய்யும் ஒருவனுடைய மனைவியின் கதை. ஆவேசத்துக்கு அதில் இடமே இல்லை. ஒரு பக்கம் எழுத ஒரு வாரம்கூட ஆகிறதென்று கடிதங்களில் புலம்பிக்கொண்டே ஏறக்குறைய ஐந்து வருஷம் பாடுபட்டார். அதுதான் 1856-ல் வெளிவந்த ‘மேடம் பவாரி’. நண்பர்கள் நெருப்பில் போடச் சொன்ன நூலையும் அவர் நெருப்பில் போடவில்லை. திரும்பத் திரும்பத் திருத்தி, 1874-ல் அதையும் வெளியிட்டார். நண்பர்களுடைய பேச்சைக் கேட்கவும் வேண்டும், முழுவதும் கேட்கவும் கூடாது என்று தோன்றுகிறது.

மனத்திலுள்ள குரல் ‘சகிக்கவில்லை’ என்று சொல்லும்போது, ‘எந்த இடத்தில்?’ என்று அதைத் திருப்பிக் கேட்க வேண்டும். பதில் வராமற் போகாது. பெரும்பாலும் அந்தப் பதில், எழுதுகிறவருக்குத் தெரியாத விஷயத்தைத் தெரிந்ததுபோல் எழுதியிருக்கும் இடத்தைத்தான் காட்டும்.

என்னிடம் முன்பு படித்த ஒருவர் ஒரு தனியார் கம்பெனியில் கணக்கு எழுதுகிறார். அவர் கைத்தறி நெசவாளி ஒருவரைப் பற்றிக் கதை எழுத ஆரம்பித்தார். மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருக்கிறது, பணம் இல்லை. நாலாவது பக்கத்தில் நெசவாளி முதலாளியிடம் போய் முன்பணம் கேட்கிறார். முதலாளி மறுக்கிறார். உடனே நெசவாளி ஏழைகளின் துயரத்தைப் பற்றி இரண்டு பக்கம் பிரசங்கம் செய்கிறார். பிரசங்கம் முடிந்ததும் கதையும் நின்றுவிட்டது. ஆறு மாதம் அப்படியே கிடந்தது. “என்னால் இனி எழுத முடியாது ஸார், கற்பனை வறண்டுபோய்விட்டது” என்று என்னிடம் வந்து சொன்னார். “தறியைப் பார்த்திருக்கிறீர்களா?” என்று கேட்டேன். “ரயிலில் போகும்போது தெருவில் பாவு விரித்திருப்பதைப் பார்த்திருக்கிறேன்” என்றார்.

அவரைக் குறை கூறுவதற்கில்லை. ஐப்பசி மாதத்தில் மூன்று நாள் லீவு எடுத்துக்கொண்டு, தம் உறவினர் ஒருவர் மூலமாக ஒரு நெசவாளர் தெருவுக்குப் போய்த் தங்கினார். பருத்திப் பாவுக்குக் கஞ்சி போட்டு விடியற்காலையில் தெருவில் நீட்டி உலர்த்த வேண்டும் என்றும், மழை பிடித்துக்கொண்டால் அந்தக் காரியமே நடவாது என்றும், பாவு இல்லாவிட்டால் தறி சும்மா கிடக்கும் என்றும் அப்போதுதான் தெரிந்துகொண்டார். குடியானவன் வானத்தைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிடும் அதே மழை, அடுத்த தெருவில் அடுப்பை அணைத்துவிடுகிறது! அது மட்டுமா? குழித்தறியில் நெசவாளி கால் வைக்கும் பள்ளத்தில் மழை நாளில் ஊற்று நீர் ஊறுமாம். இரவில் எழுந்து செம்பாலும் தகர டப்பாவாலும் அதை இறைத்துக் கொட்டுவார்களாம். மூன்றாம் நாள் ஊருக்குத் திரும்பியவர் பிரசங்கத்தை அடித்துவிட்டார். கல்யாணம் தள்ளிப்போய்விட்டதென்று அறிந்துகொண்ட பெண்ணும், அதை அவளிடம் சொல்ல வாய் வராத தகப்பனாரும், நடுநிசியில் விளக்கை வைத்துக்கொண்டு தறிக்குழியிலிருந்து தண்ணீர் இறைக்கிறார்கள். இருவரும் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. கதை பதினோரு பக்கத்தில் முடிந்தது.

கற்பனை வறண்டுவிட்டது என்று சொல்லுகிறவர்களில் பாதிப் பேருக்குக் கற்பனைக்கு ஒரு குறைவும் இல்லை, தீனிதான் போதவில்லை. பாத்திரம் காலையில் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறான், அவன் கையில் எந்த இடத்தில் காய்ப்புக் காய்த்திருக்கிறது, மாதத்தில் எந்தத் தேதியில் அவன் கடன் வாங்குகிறான் என்பதெல்லாம் தெரிந்தால், அவன் என்ன செய்வான் என்பது தானாகவே தெரிந்துவிடும்.

விஷயம் ஏராளமாகத் தெரிந்திருந்தும் கதை நகராமல் நிற்பதுண்டு. இது வேறு வியாதி. ‘போரும் அமைதியும்’ என்ற மகா காவியத்தை எழுதி முடித்த டால்ஸ்டாய்க்கே அது வந்தது. ருஷியச் சக்கரவர்த்தி மகா பீட்டரைப் பற்றி நாவல் எழுத வேண்டுமென்று 1870-லிருந்து அவர் புத்தகங்களையும் பழைய பத்திரங்களையும் சேகரித்துப் படித்தார். குறிப்புகளை எழுதிக் குவித்தார். ஆரம்ப அத்தியாயத்தைத் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தார். ஒன்றும் நகரவில்லை. அந்தக் காலத்து மனிதர்களின் உள்ளம் அவருக்குப் பிடிபடவில்லை. 1873-ல் ஒரு நாள் தற்செயலாகப் புஷ்கினுடைய வசன நூலொன்றை எடுத்துப் பிரித்தார். அதில் ஒரு துண்டுக் கதை, முன்னுரை பின்னுரை இல்லாமல், விருந்தாளிகள் வந்து கூடுவதிலிருந்தே ஆரம்பமாகியிருந்தது. கதை ஆரம்பிக்க வேண்டிய முறை இதுவல்லவா என்று அவருக்குப் பட்டது. பீட்டர் சக்கரவர்த்தியை அப்படியே விட்டுவிட்டு, தம் காலத்துப் பெண் ஒருத்தியின் கதையை எழுதத் தொடங்கினார். 1875 முதல் 1877 வரையில் பத்திரிகையில் வெளிவந்த ‘அன்னா கரீனினா’ அவ்வாறு பிறந்ததுதான்.

பீட்டர் நாவல் கடைசிவரையில் எழுதப்படவே இல்லை. அதற்காக டால்ஸ்டாய் தோற்றுப்போனார் என்று யாரும் சொல்லமாட்டார்கள். நம் இளைஞர்கள் மட்டும், எடுத்த கதையை விட்டுவிடுவதை ஏதோ மானபங்கம் போலக் கருதி, அதையே மாதக் கணக்கில் கட்டிக்கொண்டு அழுகிறார்கள். ஒரு கதையை மூடி வைப்பது வேறு. எழுத்தையே மூடி வைப்பது வேறு. போலிஷ் குடும்பம் ஒன்றில் பிறந்து, கப்பலில் வேலை பார்த்து, வயது வந்த பிறகு ஆங்கிலம் கற்று, அந்த மொழியில் நாவல்கள் எழுதிய ஜோசப் கான்ராட், 1896-ல் ‘தி ரெஸ்க்யூ’ என்ற நாவலைத் தொடங்கினார். அது அவரைப் படாத பாடு படுத்தியது. அதை ஒதுக்கி வைத்துவிட்டு ‘லார்ட் ஜிம்’ எழுதினார்; ‘நாஸ்ட்ரோமோ’ எழுதினார். இருபது வருஷத்துக்கு மேல் கழித்து மறுபடியும் கையிலெடுத்து முடித்து, 1920-ல் வெளியிட்டார். நம் நாட்டிலேயே அ. மாதவையா அவர்கள் 1892-ல் ‘விவேக சிந்தாமணி’ப் பத்திரிகையில் ‘சாவித்திரி சரித்திரம்’ என்று ஆரம்பித்த தொடர்கதை நடுவில் நின்றுபோயிற்று. 1903-ல் ‘முத்துமீனாக்ஷி’ என்ற பெயருடன் அது முழுப் புத்தகமாக வந்தது. கல்கி அவர்கள் மாமல்லபுரத்துக் கடற்கரையில் கருக்கொண்ட ‘சிவகாமியின் சபத’த்தைச் சுமார் பன்னிரண்டு வருஷம் மனத்தில் சுமந்திருந்த பிறகே பத்திரிகையில் எழுதினார்கள். பெட்டியில் கிடக்கும் கதை செத்துப்போன கதை என்று யார் சொன்னது?

இனி நம்மவருக்கே உரிய ஒரு தடையைப் பற்றிச் சொல்ல வேண்டும். மேல் நாட்டார் எழுதிய புத்தகங்களில் இதற்கு மருந்து கிடையாது. நாம் வீட்டில் பேசும் தமிழ் ஒன்று. பள்ளிக்கூடத்தில் எழுதும் தமிழ் மற்றொன்று. பத்து வருஷம் பாடுபட்டு, முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று வகுத்துக் கட்டுரை எழுதக் கற்றுக்கொண்டு, நல்ல மார்க்கும் வாங்கின பிள்ளை கதை எழுத உட்காருகிறான். அவனுடைய கதாநாயகன் வீட்டை விட்டுப் புறப்படும்போது, “அன்னையே, நான் சென்று வருகிறேன்” என்கிறான். எழுதிய மறு நிமிஷமே பிள்ளைக்கு உடம்பு கூசுகிறது. ஏனென்றால் உலகத்தில் எந்தப் பிள்ளையும் எந்தத் தாயிடமும் அப்படிச் சொன்னதில்லை. சரி, “போயிட்டு வர்றேம்மா” என்று எழுதலாமென்றால், எழுத்துப் பிழைக்கு மார்க் குறைத்த உபாத்தியாயர் அவன் கண்ணெதிரே வந்து நிற்கிறார். (நான் உபாத்தியாயர்களின் கட்சிதான், பரீக்ஷைத் தாளில் அப்படி எழுதினால் மார்க் குறைக்கத்தான் வேண்டும்.) இரண்டுக்கும் நடுவில் மாட்டிக்கொண்டு அவன் சம்பாஷணையையே விட்டுவிடுகிறான். பாத்திரங்கள் வாய் பேசாத கதை எப்படி நகரும்?

நம்முடைய நாவலாசிரியர்கள் இந்தச் சிக்கலை ஒரே நாளில் அவிழ்த்துவிடவில்லை. வேதநாயகம் பிள்ளையின் பாத்திரங்கள் பெரும்பாலும் ஆசிரியருடைய தமிழிலேயே பேசுவார்கள். 1893-ல் தொடராக வரத் தொடங்கிய ராஜமையரின் ‘கமலாம்பாள் சரித்திர’த்தில் வம்பு பேசும் பெண்கள் உண்மையாகவே வம்பு பேசினார்கள். புதுமைப்பித்தன் திருநெல்வேலிப் பேச்சைக் கதைக்குள் தாராளமாக உலவ விட்டார். கி. ராஜநாராயணனோ ஒரு படி மேலே போய், சம்பாஷணையில் மட்டுமின்றிக் கதை சொல்லும் நடையிலேயே கரிசல் காட்டுப் பேச்சைக் கொண்டுவந்தார். அவர் முப்பது வயதைக் கடந்த பிறகே எழுத வந்தவர். மழைக்கு ஒதுங்கத்தான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதாகவும், அங்கேயும் மழையையே பார்த்துக்கொண்டு நின்றதாகவும் வேடிக்கையாகச் சொல்லுவார். கட்டுரை எழுதும் முறையை யாரும் அவருக்குப் பலமாகப் போதிக்காதது தமிழ்நாட்டின் பாக்கியம் என்றே என் போன்றவர்கள் ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. 1982-ல் அவர் கரிசல் வட்டாரச் சொற்களுக்கு ஓர் அகராதியே தொகுத்து வெளியிட்டார். 1991-ல் சாகித்ய அகாதமிப் பரிசு பெற்றார். பள்ளிப் படிப்பை முடிக்காத அவர் புதுச்சேரிப் பல்கலைக் கழகத்தில் பேராசிரியராகவும் அமர்ந்தார்.

ஆகவே இந்தத் தடையால் நிற்கிறவர்களுக்கு நான் சொல்லும் யோசனை இதுதான்: எழுதாதீர்கள், சொல்லுங்கள். பாட்டியிடமோ, தங்கையிடமோ, சினேகிதரிடமோ கதையை வாயால் சொல்லிப் பாருங்கள். சொல்லும்போது ‘அன்னையே’ வராது. கேட்பவர் எந்த இடத்தில் “அப்புறம்?” என்கிறார், எந்த இடத்தில் வாசற்பக்கம் திரும்பிப் பார்க்கிறார் என்பதையும் கவனித்துக்கொள்ளலாம். ஸ்ரீமதி வை. மு. கோதைநாயகி அம்மாள் ஐந்தரை வயதில் விவாகமானவர், பள்ளிக்கூடம் சென்றவரல்லர். கதை சொல்லுவதில் மகா சமர்த்தர். எழுத்துப் பழக்கமோ போதாது. அந்த அம்மாள் தம் முதல் நூலாகிய ‘இந்திர மோகனா’ என்ற நாடகத்தை வாயால் சொல்லச் சொல்ல, அவருடைய தோழி பட்டம்மாள் எழுதிக் கொடுத்தார். அது 1924-ல் வெளிவந்தது. பிற்பாடு தாமே எழுதக் கற்றுக்கொண்டார். 1925 முதல் ‘ஜகன்மோகினி’ப் பத்திரிகையை நடத்தினார். தேசத் தொண்டில் ஈடுபட்டு 1932-ல் சிறை சென்றார். எல்லாமாக 115 நாவல்கள் எழுதினார். எழுத முடியவில்லை என்று கையைப் பிசைந்துகொண்டிருக்கும் பட்டதாரிகள் இந்த அம்மாளைச் சற்று நினைத்துக்கொள்ளலாம்.

“நேரம் இல்லையே!” என்பார்கள் சிலர். இதைப்பற்றி நீட்டிப் பேசுவதற்கு ஒன்றுமில்லை. இங்கிலாந்தில் தபால் இலாகா உத்தியோகஸ்தராக இருந்த ஆந்தனி டிராலப் (தெருவில் தபால் பெட்டி வைக்கும் வழக்கத்தை அந்நாட்டில் கொண்டுவந்தவரும் அவரே) தினமும் காலை ஐந்தரை மணிக்கு எழுத உட்கார்ந்துவிடுவார். கடிகாரத்தை எதிரே வைத்துக்கொண்டு கால் மணிக்கு 250 வார்த்தை வீதம் எழுதுவார். அப்புறம் ஆபீசுக்குப் போவார். 47 நாவல்கள் எழுதிவிட்டார். அவர் இறந்த பிறகு 1883-ல் வெளிவந்த சுயசரிதத்தில் இந்த ரகசியத்தைப் போட்டு உடைத்தபோது, கலையென்பது தெய்வீகமென்று நம்பியிருந்த ரஸிகர்களுக்கு அவரிடமிருந்த மதிப்பே குறைந்துபோயிற்றாம்! எல்லோரும் டிராலப் ஆக முடியாது. கடிகாரத்தைப் பார்த்தால் சிலருக்கு உள்ள வார்த்தையும் ஓடிப்போய்விடும். ஆனால் அமெரிக்க ஆசிரியர் ஹெமிங்வே கடைப்பிடித்த முறையொன்று எல்லோருக்கும் உதவக்கூடியது. அடுத்தாற்போல் என்ன நடக்கப் போகிறது என்பது தெரிந்திருக்கும்போதே அன்றைய எழுத்தை நிறுத்திவிடுவார். சமையற் கட்டில் அடுத்த வேளைக்கென்று தோசை மாவை எடுத்து வைப்பதைப் போலத்தான். நம்மவர்களோ இருப்பதையெல்லாம் ஒரே இரவில் எழுதித் தீர்த்துவிட்டு, மறு நாள் வெறும் பாத்திரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள்.

தனியாக இருப்பதும் ஒரு பெரிய தடை. 1933-ல் ஆரம்பமான ‘மணிக்கொடி’ நீண்ட காலம் நடக்கவில்லை. பண விஷயத்தில் என்றுமே திண்டாட்டந்தான். ஆனால் அதைச் சுற்றி ஒரு கூட்டம் இருந்தது. ஒருவர் எழுதியதை மற்றவர் படித்தார், சண்டை போட்டார், “இன்னும் எங்கே?” என்று நச்சரித்தார். பி. எஸ். ராமையா தூண்டியிராவிட்டால் மௌனி எழுத வந்திருப்பாரா என்பது சந்தேகம். மௌனி 1985 வரையில் ஜீவித்திருந்தும் எழுதிய கதைகள் சுமார் இரண்டு டஜன்தான். ஆனால் அவை இல்லாத தமிழ்ச் சிறுகதை உலகத்தை இன்று யாரும் நினைத்துப் பார்க்க விரும்பமாட்டார்கள். ஆதலால், குறைவாக எழுதுகிறோமே என்று வருத்தப்படுகிறவர்கள் அந்த வருத்தத்தை விட்டுவிடலாம். “இன்னும் எங்கே?” என்று கேட்கும் ஒரே ஒரு மனிதரைத் தேடிப் பிடித்துக்கொண்டால் போதும். கொஞ்சம் கடுமையாகப் பேசுகிறவராக இருந்தால் இன்னும் விசேஷம்.

இவ்வளவும் சொன்ன பிறகு, இந்த யோசனைகள் எதற்கும் கட்டுப்படாத ஒரு மௌனம் உண்டு என்பதையும் சொல்லாமல் விடக்கூடாது. ஆர். கே. நாராயணனுடைய மனைவி 1939-ல் டைபாய்டு ஜுரத்தால் காலமானார். அந்தத் துக்கத்தில் அவர் பேனாவையே தொடமுடியாமற் போயிற்று. அவருடைய அடுத்த நாவலாகிய ‘தி இங்கிலீஷ் டீச்சர்’ 1945-ல்தான் வந்தது. மனைவியை இழந்த ஒரு உபாத்தியாயருடைய கதை அது. அவ்வளவு காலம் ஏன் ஆயிற்று என்று அதைப் படித்தவர்கள் கேட்கமாட்டார்கள். புதுமைப்பித்தன் 1948 ஜூன் 30-ந் தேதி திருவனந்தபுரத்தில் க்ஷயரோகத்தால் மரித்தபோது அவருக்கு வயது நாற்பத்திரண்டு. வீட்டில் அடுப்பு எரியாதபோதும், நோயாளியின் தலைமாட்டில் உட்கார்ந்திருக்கும்போதும் ஒருவர் எழுதவில்லையென்றால், அதற்குச் சோம்பல் என்று பெயரிட எவருக்கும் உரிமையில்லை. தினம் ஐந்தரை மணிக்கு எழுந்திரு என்று அவரிடம் சொல்லுவது அழகுமல்ல. குடும்பத்தில் எழுத ஆசைப்படும் பெண்கள் விஷயத்தில் இதை வீட்டிலுள்ள ஆண் பிள்ளைகள் முக்கியமாகக் கவனிக்க வேண்டும். அந்த அம்மாளுக்கு வந்திருக்கும் ‘கற்பனைத் தடை’ கழுவப்படாத பாத்திரங்களாகவும், மடிக்கப்படாத துணிகளாகவும் இருக்கக்கூடும். அதற்குப் பரிகாரம் வீட்டிலுள்ள மற்றவர்களின் கைகளில்தான் இருக்கிறது.

கதையை முடித்து அனுப்பிய பிறகு வரும் மனச்சோர்வைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதே நாராயணன், பாட்டி பார்த்துக் கொடுத்த நல்ல நாளில் புது நோட்டுப் புத்தகம் வாங்கித் தம் முதல் நாவலைத் தொடங்கியது 1930-ல். எழுதி முடித்து, சீமையிலுள்ள புஸ்தகக் கம்பெனிகளுக்கு ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பினார். போன வேகத்தில் திரும்பி வந்துகொண்டிருந்தது. கடைசியில் மனம் வெறுத்து, ஆக்ஸ்போர்டில் படித்துக்கொண்டிருந்த தம் நண்பருக்கு, கையெழுத்துப் பிரதியோடு ஒரு கல்லைக் கட்டித் தேம்ஸ் நதியில் போட்டுவிடும்படி எழுதினார். நல்ல வேளையாக அந்த நண்பர் நண்பர் சொன்னபடி கேட்கிறவரல்லர். பிரதியைக் கொண்டுபோய்க் கிரஹாம் கிரீன் என்ற ஆசிரியரிடம் கொடுத்தார். 1935-ல் ‘சுவாமியும் சிநேகிதர்களும்’ அச்சாகி வெளிவந்தது. இடையில் நாராயணன் பள்ளிக்கூடத்து உபாத்தியாயர் வேலை ஒன்றில் அமர்ந்து, சில நாளிலேயே அதைத் தலை முழுகிவிட்டு வந்தார் என்பதை எங்கள் வர்க்கத்தின் கௌரவத்தை உத்தேசித்து நான் பெரிதுபடுத்தப் போவதில்லை.

பத்திரிகாலயங்கள் வேண்டாத கதையைத் திருப்பி அனுப்பும் வழக்கம் இந்நாளில் அநேகமாகப் போய்விட்டது. பதிலே வருவதில்லை. திரும்பி வரும் உறையைக் கண்டால் நெஞ்சு உடையும். ஆனால் விஷயம் முடிந்தது என்றாவது தெரியும். பதில் வராத மௌனத்தில் மூன்று மாதம், ஆறு மாதம் என்று காத்திருந்து, அதற்குள் எழுதும் ஆசையே வடிந்துபோனவர்களை எனக்குத் தெரியும். டிராலப் ஒரு நாவலை முடித்தவுடனேயே அடுத்ததை ஆரம்பித்துவிடுவது வழக்கம். காத்திருப்பதற்கு அவரிடம் நாள் மிச்சமிருக்கவில்லை.

நெசவாளர் கதையை எழுதியவரும் ஒரு பத்திரிகைக்கு அதை அனுப்பி நாலு மாதமாகிறது. இதுவரையில் தகவல் இல்லை. சென்ற வாரம் அவரிடமிருந்து ஒரு கடிதம் வந்தது. பத்திரிகையைப் பற்றி அதில் ஒரு வரிகூடக் காணோம். நெசவாளர் கூட்டுறவுச் சங்கத்தில் கணக்கு எழுதும் ஒருவரை வைத்து இரண்டாவது கதை எழுதுகிறாராம். அது நாலாவது பக்கத்தில் நிற்கிறதாம். அப்படிப்பட்ட சங்கம் எதிலாவது எனக்குத் தெரிந்தவர் யாரேனும் உண்டா, அடுத்த மாதம் இரண்டு நாள் அங்கே போய்ச் சும்மா உட்கார்ந்திருக்கலாமா என்று விசாரித்து எழுதும்படி கேட்டிருக்கிறார்.